ஓசையும் செவியும்



ஆண்டவர் அருளிய உவமைகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று, லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்திலுள்ள காணாமற்போன காசின் உவமை. பத்துத் திராக்மாக்களில் ஒன்றைத் தொலைத்த பெண்ணுக்கு விளக்கும் துடைப்பமுமே கருவிகள். இன்று இங்கிலாந்தின் உழுத வயல்களில் பழங்காசு தேடுவோர் கையிலோ மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. விமான நிலையத்தில் நம்மைச் சோதிக்கும் கருவிக்கு இது உறவு.

நீண்ட கோலின் அடியில் வட்டமான கம்பிச்சுருள். அது மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். அது திருப்பி எழுப்பும் காந்தப்புலத்தைக் கருவி ஓசையாக மாற்றிச் செவியில் சேர்க்கும். பெரும்பாலான கருவிகளில் இரும்புக்குத் தாழ்ந்த ஒலி. வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த ஒலி. கருவி அறிந்தது அவ்வளவே. காசா குப்பையா என்று முடிவு செய்ய வேண்டியவன் கேட்பவன்.

பழகியவன் ஓசை கேட்டவுடன் தோண்டமாட்டான். அதே இடத்தின்மேல் இருமுறை மும்முறை சுருளை அசைப்பான். பிறகு குறுக்குத் திசையில் நின்று மீண்டும் அசைப்பான். தட்டையாகக் கிடக்கும் வட்டக் காசு எப்பக்கமிருந்து கேட்டாலும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். துருப்பிடித்த ஆணியோ ஒரு பக்கம் வெள்ளியைப்போல் இனிமையாய் ஒலித்து, மறுபக்கம் விட்டுவிட்டுக் கரகரக்கும். மேலாகக் கிடக்கும் தகரத்துண்டு உரக்க ஒலிக்கும்; ஆழத்தில் உறங்கும் பழங்காசின் ஒலி மெலிந்திருக்கும். புதியவர்கள் உரத்த ஓசையை நம்பி ஓடி, மெல்லியதை விட்டுவிடுகிறார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகிய குருக்களுக்கு இது புதிய செய்தியன்று. தடையின்றி வருவது பெரும்பாலும் மேலாகக் கிடப்பது, தயங்கித் தயங்கி வருவதே ஆழத்திலிருந்து வருவது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய பொன் மோதிரமும், சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளும், குளிர்பான டப்பாவைத் திறக்கும் வளையமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தரக்கூடும். குப்பையின் ஒலியே கேட்கக்கூடாது என்று கருவியைத் திருத்தி வைத்தால் பொன்னும் ஊமையாகிவிடும். களைகளைப் பிடுங்கப் பரபரத்த ஊழியரை வீட்டுத் தலைவர் ஏன் தடுத்தார் என்பதை இவ்வயல்களில் நடப்பவர்கள் நம்மைவிட எளிதாய் உணர்வார்கள். பொன் வேண்டுமென்றால் ஈயத்தாளையும் தோண்டியே ஆகவேண்டும்.

1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் சிற்றூரில் எரிக் லாஸ் என்பவர் தேடப்போனது காசையன்று. நண்பரான உழவர் வயலில் தொலைத்த சுத்தியலை! பலமான ஓசை கேட்டுத் தோண்டினார். வெள்ளிக் கரண்டிகளும் பொன்நகைகளும் காசுகளும் வெளிப்பட்டன. எவர் கையும் அந்நேரம் நிற்குமா? அவர் கை நின்றது. மேலும் தோண்டாமல் அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். உரோமையர் காலத்துக் காசுகள் ஏறத்தாழ 15,000. கரண்டிகள் சிலவற்றில் சிலுவைக் குறி பொறிக்கப்பட்டிருந்தது. அழிந்துபோன மரப்பெட்டிக்குள் பொருள்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிய முடிந்தது. அவர் ஆசையோடு அள்ளியிருந்தால் காசுகள் கிடைத்திருக்கும். அந்த அடுக்கின் வரலாறு கலைந்திருக்கும். (நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும்.)

அரசு அளித்த 17.5 இலட்சம் பவுண்டு வெகுமதியை லாஸ் அந்த உழவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்தப் புதையலோடு சேர்ந்திருக்கிறது.