கண்மாயில் வேக்போர்டு ஓட்டலாமா? கரிசல்காட்டு மருமகன் கேட்ட கேள்வி!

"மாமா, நம்ம கண்மாயில இத ஓட்டலாமா?"

போனை நீட்டிக் கேட்டவன் என் அக்கா மகன். எட்டயபுரத்திலிருந்து தினமும் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வருகிறவன். திரையில் தாய்லாந்துப் பையன் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, காலில் பூட்டிய பலகையோடு தண்ணீரில் வழுக்கிப் போகிறான். ஒரு மேட்டில் ஏறித் துள்ளுகிறான், ஒரு கரணம் அடிக்கிறான், மறுபடி தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறான்.

"கண்மாயில தண்ணி எங்கலே கெடக்கு?" என்றேன்.

"மழைக்குப் பொறவு ரெண்டு மாசம் கெடக்குல்லா. கரை மேல டிராக்டர ஓட்டி, கயிறு கட்டி இழுத்தா பலகை போகாதா?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், இந்தப் பயல் கேட்டால் கேட்டதோடு நிற்க மாட்டான். டிராக்டர் வைத்திருக்கும் கூட்டாளி அவனுக்கு உண்டு. அதனால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

எட்டயபுரத்துக்காரனிடம் தண்ணீர் விளையாட்டைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் வேடிக்கைதான். மழை வேண்டி முத்துசாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், உடனே கொட்டியது என்று கதை சொல்கிற ஊர் இது. 1835-ல் அவர் காலமானதும் இங்கேதான், சமாதியும் இங்கேதான் இருக்கிறது. மழையைப் பாட்டுப் பாடி வரவழைக்க வேண்டிய பூமி என்று அன்றைக்கே பெயர் வாங்கியாகிவிட்டது. மாவட்டத்தின் சராசரி மழை வருஷத்துக்கு 650 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு சரி.

அதே மாவட்டத்தில்தான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷ மழையைவிட அதிகம், ஒரே நாளில்! கண்மாய்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின. தூத்துக்குடிக் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து ஜனங்களை மீட்டார்கள். கரிசல்காட்டுத் தண்ணீர் இப்படித்தான்: இல்லவே இல்லை, அல்லது கழுத்துக்கு மேலே.

வேக்போர்டிங் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விளையாட்டுக்கு இது இரண்டுமே ஆகாது. அதற்கு வேண்டியது கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீர்.

அது என்ன வேக்போர்டு?

படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் இரண்டு பக்கமும் எழும் அலைக்கு 'வேக்' என்று பெயர். படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த அலையை மேடாக்கித் துள்ளுவதுதான் வேக்போர்டிங். 1985-ல் கலிஃபோர்னியாவின் டோனி ஃபின் கொண்டுவந்த 'ஸ்கர்ஃபர்' பலகையிலிருந்து வளர்ந்தது. 2020 ஒலிம்பிக்கில் சேர்க்கலாமா என்று 2011-ல் பரிசீலித்த எட்டு விளையாட்டுகளில் இதுவும் ஒன்று, கடைசியில் இடம் கிடைக்கவில்லை.

முதல் நாள் என்ன செய்வார்கள்? பார்க்க வீரதீரமாக இருந்தாலும், ஆரம்பப் பாடம் முழுக்க 'சும்மா இரு' என்பதுதான். லைஃப் ஜாக்கெட் போட்டு, பலகையைக் காலில் மாட்டி, தண்ணீரில் மல்லாந்து மிதக்க வேண்டும். முழங்கால் நெஞ்சோடு, கை நீட்டி. குக்கருக்குள் உட்கார்ந்த இட்லி மாதிரி அப்படியே இருக்க வேண்டும். படகு மெதுவாக இழுக்கும். பலகையைத் தண்ணீர் தள்ளும். அப்போது எல்லோரும் செய்கிற தப்பு, கயிற்றைத் தன் பக்கம் இழுத்து எழ முயல்வது. இழுத்தால் பலகை முக்குளிக்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். எழ வேண்டியது நீங்கள் அல்ல. படகு உங்களை எழுப்பும். எழுந்த பிறகும் முழங்கால் மடங்கியே இருக்கட்டும், பாரம் சற்றுப் பின்காலில் இருக்கட்டும், பார்வை தூரத்தில். காலைப் பார்த்தால் காலடியில்தான் விழுவீர்கள்.

இன்னும் ஒன்று. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். விடாமல் பிடிக்கிறவர்களுக்குத்தான் தோள்பட்டை போகிறது. முன்விளிம்பு தண்ணீரில் குத்தினால் மணிக்கு 25 - 30 கிலோமீட்டர் வேகத்தில் முகம் போய் அறையும். அந்த வேகத்தில் தண்ணீர் சிமென்ட் தரை மாதிரிதான். ஆரம்பக்காரர்களுக்கு அதற்கு மேல் வேகம் வேண்டாம்.

படகில் இரண்டு பேர் கட்டாயம். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும், இன்னொருவர் பின்னால் இருக்கிறவனையே பார்க்க வேண்டும். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் கைசாடைதான். கட்டைவிரல் மேலே காட்டினால் வேகத்தைக் கூட்டு, கீழே காட்டினால் குறை, கழுத்தை அறுப்பதுபோலக் காட்டினால் நிறுத்து. விழுந்த பிறகு தலைக்கு மேலே இரண்டு கையையும் கோத்துக் காட்டினால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று அர்த்தம். நம்ம ஊரில் தலையில் கை வைத்தால் அர்த்தமே வேறு!

டிராக்டர் ஏன் கூடாது?

மருமகன் சொன்ன யோசனை முட்டாள்தனமானது இல்லை. கரையில் இருக்கும் மோட்டாரால் கயிற்றை இழுப்பது உலகத்தில் இருக்கிற முறைதான். ஜெர்மன் பொறியாளர் புரூனோ ரிக்சன் 1960-களை ஒட்டி, ஏரியைச் சுற்றிக் கோபுரங்கள் நட்டு, மேலே கம்பிவடம் ஓடவிட்டு ஆட்களை இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பாங்காக் புறநகரில் இருக்கிற தாய் வேக் பார்க் அந்த வகைதான். பையன் ரீல்ஸில் பார்த்ததும் அதைப் போல ஒன்றைத்தான். படகு வேண்டாம், டீசல் வேண்டாம், மின்மோட்டார் போதும். இரண்டே கோபுரங்களுக்கு நடுவே ஒருவரை மட்டும் இழுக்கும் சின்ன அமைப்புகளும் உண்டு. இதற்கென்றே செய்த படகைப் புதிதாக வாங்கினால் ஒரு கோடி ரூபாயை ஒட்டிப் போகும். அதோடு பார்த்தால் வடம்தான் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

சிக்கல் கயிற்றில் இல்லை, கண்மாயில். செயற்கைக் குளத்தின் அடித்தரை சமமாக இருக்கும், என்ன ஆழம் என்று தெரியும். நம் கண்மாயின் அடியில் என்ன இருக்கிறது? வெட்டிவிட்டுப் போன வேலிக்கருவையின் கட்டைகள், முள், பாட்டில் சில். அதைவிட மோசம் கரம்பை அள்ளிய பள்ளங்கள். கோடையில் பார்த்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். மழை பெய்து நிறைந்ததும் எல்லாம் ஒரே மட்டம். முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவன் அடுத்த எட்டில் இரண்டாள் ஆழத்துக்குப் போகிறான். கால் கரிசல் சகதியில் புதைந்தால் இழுத்து எடுக்க முடியாது. இதில் காலில் பலகையைப் பூட்டிக்கொண்டு, நீச்சல் தெரியாதவனை, பின்னால் திரும்பிப் பார்க்க முடியாத டிராக்டர்காரர் இழுப்பார் என்றால்... வேண்டாம் மாப்ளே.

காற்று இருக்கிறதே!

சரி, தண்ணீர்தான் நம்மிடம் இல்லை. ஆனால், கரிசல்காட்டில் குறைவே இல்லாதது ஒன்று உண்டு, காற்று! ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்தில் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. கயத்தாறைச் சுற்றி வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை மேற்கு மலையின் கணவாய்கள் வழியாக வருகிற அதே காற்று, எட்டயபுரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அருப்புக்கோட்டை வழியாக வரும் நான்குவழிச் சாலையில் நாமும் அதன் பின்னாலேயே போனால், ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி.

அங்கேயும் ராமேஸ்வரத்திலும் கைட்சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். வேக்போர்டைப் போன்ற பலகைதான். படகுக்குப் பதில் வானத்தில் ஒரு பெரிய பட்டம் இழுக்கும். முதலில் கரையில் நின்று சின்னப் பட்டத்தை ஆட்டப் பழக்குவார்கள். அப்புறம் பலகை இல்லாமல் தண்ணீரில் உடம்பை இழுத்துப்போகவிட்டுப் பழக்குவார்கள். பலகை காலுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான். சாமான் முழுதாக வாங்கினால் நல்ல பைக் விலை ஆகும். பள்ளியில் வாடகைக்குக் கிடைக்கும், ஆரம்பத்தில் யாரும் வாங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கடற்கரைக்காரர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். தூத்துக்குடிக் கரை கிழக்கே பார்த்தது. கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். தண்ணீர் அலையில்லாமல் அழகாகத் தெரியும், புதியவர்களை ஏமாற்றுவதே அந்த அழகுதான். பட்டம் விழுந்தால் கரைக்குத் திரும்ப வழியில்லை. மீட்புப் படகு நிற்கிறதா என்று கேட்காமல் அந்த நாளில் இறங்கக் கூடாது. ராமேஸ்வரம் தீவு என்பதால் ஒரு பக்கம் சரியில்லை என்றால் மறுபக்கம் போய்விடலாம். ஆரம்பக்காரர்களுக்கு அது வசதி.

மோட்டார் படகா, பட்டமா என்பதில் என் ஓட்டு பட்டத்துக்குத்தான். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளும் 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடற்புல், கடற்பசு எல்லாம் உள்ள ஆழம் குறைந்த கடல். அங்கே சுற்றுலாவுக்காக வேகப்படகுகளைச் சுற்றவிடுவது கடலுக்கும் ஆகாது, வலை விரித்திருக்கிறவர்களுக்கும் ஆகாது. பட்டத்துக்குச் சத்தமும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனாலும், வலை கிடக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். கடல் முதலில் அவர்களுடைய வயல்.

ஹாக்கி எப்படி வந்ததாம்?

'இதெல்லாம் காசுக்காரன் விளையாட்டு' என்று சொல்லி முடித்துவிடலாம். பாதி உண்மை. ஆனால், மாமல்லபுரம், கோவளம் பக்கம் பாருங்கள். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தானாகக் கற்றுக்கொண்டு, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார். இன்று நாட்டின் முன்னணி சர்ஃபர்களில் பலர் அந்தக் கரையோரப் பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். 2026 ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கு முதல்முறையாகச் சேர்ந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? கோவில்பட்டியையே பாருங்கள். தீப்பெட்டி, கடலைமிட்டாய் ஊருக்கு ஹாக்கி என்ன சொந்தமா? மண் மைதானத்தில் விளையாடி விளையாடி, வருஷா வருஷம் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடத்தி நடத்தி, பிறகு அரசின் பயிற்சி மையமும் செயற்கைப் புல்தளமும் வந்தன. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்ப்பிள்ளை. ஹாக்கிக்கு மட்டையும் மைதானமும் வாத்தியாரும் கிடைத்தார்கள். தண்ணீர் விளையாட்டுக்கு அந்த முதல் படியே, அதாவது நீச்சலே, இங்கே காணாமல் போயிருக்கிறது.

எங்கள் தலைமுறை கிணற்றில் கற்றது. இடுப்பில் சுரைக்குடுக்கையையோ காலி மண்ணெண்ணெய் டின்னையோ கட்டி, பெரிய மாமா பின்னாலிருந்து தள்ளிவிடுவார். போர்வெல் வந்தது, கிணறு வற்றியது. வற்றாத கிணற்றுக்கும் முள்வேலி போட்டாயிற்று. நீச்சலும் ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. பெண் பிள்ளைகளுக்கு அன்றைக்கும் யாரும் சொல்லித்தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்கள் எண்ணிக்கை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படியே, வருஷத்துக்கு 35,000-ஐத் தாண்டுகிறது. இவர்களில் பலகையில் ஏறப்போனவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? குளிக்கப்போனவர்கள், மாட்டைக் கழுவப்போனவர்கள், லீவு நாளில் குவாரிக் குட்டையில் குதித்தவர்கள், அவர்களைக் காப்பாற்றக் குதித்தவர்கள். கண்மாய் நிறைந்த வருஷம்தான் கரிசலில் சாவும் கூடுகிற வருஷம் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஹாக்கிக்குப் புல்தளம் போட்ட அரசாங்கம், தாலுகாவுக்கு ஒரு நீச்சல்குளமும் ஒரு பயிற்சியாளரும் போட முடியாதா? குளம் வரும்வரை, தண்ணீர் உள்ள கிணற்றுக்காரர்களிடம் பேசி, படிக்கட்டும் கயிறும் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கலாமே. வேக்போர்டோ கைட்டோ, எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாலும் முதல் கேள்வி 'நீச்சல் தெரியுமா?' என்பதாகத்தான் இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில், "அப்ப ஆடி மாசம் ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றான்.

"நிக்காம நூறு மீட்டர் நீந்திக் காட்டு, போவோம்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து ஊரில் இன்னும் தண்ணீர் கிடக்கிற ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறோம். லாரி டியூப்பு ஒன்று, கயிறு ஒன்று. நேற்று டியூப்பை விட்டுவிட்டு ஏழு கை போட்டான். அவனுடைய தங்கச்சி மேலே படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் தனக்கும் டியூப்பு வேண்டும் என்கிறாள்.