எதிரியின் விலாசம்

அப்ரைசல் முடிகிற வாரத்தில் என் நண்பர்களில் இரண்டு பேராவது ஃப்ராங்க் க்ரைம்ஸின் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பார்கள். ஒட்ட வெட்டிய முடி, கண்ணாடி, கையில் பெட்டி. கீழே ஒரு வரி: "நேர்மையா உழைச்சவனுக்கு இதுதான் கதி." நானும் வைத்திருக்கிறேன். இனி வைக்க மாட்டேன். அந்த ஆளுக்காக நாம் விடும் கண்ணீரில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 'தி சிம்ப்சன்ஸ்' எட்டாவது சீசனில், 1997 மே 4 அன்று ஒளிபரப்பான 'ஹோமர்ஸ் எனிமி'. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர். நம் உலகத்து மனுஷன் ஒருத்தன் அந்தக் கார்ட்டூன் ஊருக்குள் வேலைக்கு வந்தால் என்ன ஆவான் என்பதுதான் விளையாட்டு. க்ரைம்ஸை 4 வயதில் பெற்றோர் கைவிடுகிறார்கள். 18வது பிறந்தநாளில் வெடிவிபத்து. மறுபடி காது கேட்கவும் வலியை உணரவும் தானே பழகிக்கொண்டு, தபால்வழியில் அணு இயற்பியல் பட்டயம் வாங்கி, ஸ்பிரிங்ஃபீல்ட் அணுமின் நிலையத்துக்கு வருகிறான். அங்கே பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஹோமர் சிம்ப்சன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

எல்லோருக்கும் பிடித்த காட்சி அந்த விருந்து. சமாதானம் செய்துகொள்ள ஹோமர் வீட்டுக்கு அழைக்கிறான். மேஜையில் லாப்ஸ்டர். பெரிய வீடு, மனைவி, மூன்று குழந்தைகள், விண்வெளிக்குப் போன புகைப்படம், கிராமி விருது. க்ரைம்ஸ் குடியிருப்பதோ ஒரு பௌலிங் கூடத்துக்கு மேலே, இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழே. பகல் வேலை போதாமல் இரவில் வார்ப்படச் சாலைக்கும் ஓட வேண்டும். வாழ்நாள் முழுக்க உழைத்து மிச்சம் இந்தப் பெட்டியும் இந்த முடிவெட்டும்தான் என்று கத்துகிறான். அந்த இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அதில் பொய் இல்லை.

ஆனால் விருந்துக்கு முன்னால் நடந்ததை யாரும் மீம் போடுவதில்லை. டிவியில் க்ரைம்ஸின் கதையைப் பார்த்து உருகிப்போய் அவனை நிர்வாகத் துணைத்தலைவர் ஆக்கச் சொன்னவர் முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ். மறுநாள் அவன் வந்து நிற்பதற்குள் அதே டிவியில் ஒரு வீர நாயைப் பார்த்துவிடுகிறார். பதவி நாய்க்குப் போகிறது. க்ரைம்ஸை எங்கேயாவது ஓரமாகப் போடச் சொல்கிறார். பிறகு ஹோமர் கவனமில்லாமல் கந்தக அமிலத்தைக் குடிக்கப் போகிறான். க்ரைம்ஸ் அதைத் தட்டிவிட்டு உயிரைக் காப்பாற்றுகிறான். அமிலம் பட்டுச் சுவர் கரைகிறது. பர்ன்ஸ் வருகிறார், சுவரைப் பார்க்கிறார், க்ரைம்ஸின் சம்பளத்தைக் குறைக்கிறார்.

சம்பளத்தில் கைவைத்தவர் பர்ன்ஸ். க்ரைம்ஸ் நேராக யாரிடம் போகிறான்? ஹோமரிடம். இனி நீயும் நானும் எதிரிகள் என்கிறான். எபிசோடுக்குத் தலைப்பே அதுதான். எனக்குத் தெரிந்து க்ரைம்ஸை வைத்து எழுதுகிற யாரும் இந்த விலாச மாற்றத்தில் நின்று யோசிப்பதில்லை.

"ஹோமர் வேலை பாக்குறது அணுமின் நிலையத்துல. அவன் தூங்கினா ஊரே போயிடும்" என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். சரிதான், ஹோமர் ஆபத்தான ஆள். ஆனால் அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார்? இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஹோமரின் பதில், நிலையம் திறந்த அன்று வந்து நின்றேன் என்பதுதான். இதே எபிசோடில் அவன் மகன் பார்ட் ஏலத்தில் ஒரு டாலருக்கு ஒரு பழைய தொழிற்சாலையையே வாங்குகிறான். எல்லோரும் சிரித்துவிட்டுத் தாண்டிப்போகும் கிளைக்கதை. உழைப்புக்கும் உடைமைக்கும் சம்பந்தமில்லை என்று ஸ்வார்ட்ஸ்வெல்டர் அங்கேயே சொல்லிவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் அந்த விலாசத்துக்குத்தான் கடிதம் போட்டேன். முதல் வேலையில் பக்கத்து இருக்கையில் ஒரு அண்ணன். பத்தரைக்கு வருவார், நாலு மணிக்கு "டீ சாப்பிட வர்றியா தம்பி?" என்பார். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. ஏன் என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அண்ணன் தாமதமாக வந்த நாள், விட்ட தப்பு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு எக்செல் ஷீட்டில் எட்டு மாதம் சேர்த்தேன். அதை மேலே அனுப்பவும் செய்தேன். அடுத்த ஆட்குறைப்பில் அவர் போனார். ஷீட்டினால்தானா என்று தெரியாது. அவர் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட என் பக்கம் வரவில்லை. கிளம்பும்போது "பாத்து இரு தம்பி, உடம்பைக் கெடுத்துக்காத" என்றார். ஷீட் விஷயம் அவருக்குத் தெரியாது.

க்ரைம்ஸின் ஷீட் அந்தப் போட்டி. அணுமின் நிலையத்துக்கு மாதிரி செய்யும் சிறுவர் போட்டியில் ஹோமரைத் தந்திரமாகச் சேர்த்துவிடுகிறான், ஊர் சிரிக்கட்டும் என்று. மார்ட்டின் என்கிற பையனின் மாதிரி நிஜமாகவே மின்சாரம் தயாரிக்கிறது, அந்த அறைக்கு விளக்கெரிக்கிறது. அதில் இதயம் இல்லையென்று பர்ன்ஸ் தள்ளிவிட்டு, இருக்கிற நிலையத்துக்கே இறக்கையும் பட்டையும் ஒட்டிக் கொண்டுவந்த ஹோமருக்குப் பரிசு கொடுக்கிறார். நடுவர் கண்ணெதிரே நிற்கிறார். ஒரு சின்னப் பையனின் உழைப்பு, தன் உழைப்பைப் போலவே, குப்பைக்குப் போனதை க்ரைம்ஸ் பார்க்கவே இல்லை. ஹோமர் மாதிரியே நடந்துகாட்டுகிறேன் என்று வெறிபிடித்து ஓடி, கையுறை இல்லாமல் மின்கம்பியைப் பிடித்துச் சாகிறான்.

அடக்கத்தின்போது ஹோமர் தூக்கத்தில் சேனலை மாற்றச் சொல்லி உளறுகிறான், கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு மகா கொடூரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொடூரம்தான், அங்கே நான் ஸ்வார்ட்ஸ்வெல்டருக்கு வக்காலத்து வாங்கமாட்டேன்.

2002 டிசம்பரில் ஒளிபரப்பான இன்னொரு எபிசோடில் க்ரைம்ஸின் மகன் வருகிறான், அப்பாவின் சாவுக்குப் பழிவாங்க. அவனும் பர்ன்ஸின் மாளிகைப் பக்கம் போகவில்லை. ஹோமரைக் கொல்லத்தான் வந்திருந்தான்.