சிற்றுருவும் பெருவிசையும்

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பேசுதல் மாந்தர்க்கு இயல்பு. எவ்வளவுகோல் கொண்டு ஒப்பிடுவது என்பதைத் துணிந்துகொள்ளாமலே பேசத் தொடங்குவதும் அவர்க்கு இயல்பே. இவ்வுண்மையைச் சின்னாட்களுக்கு முன் வடமதுரையில் யாம் கண்கூடாகக் கண்டோம்.

திருச்சிராப்பள்ளியினின்று திண்டுக்கல்லுக்கு வரும் நான்கு வழிச் சாலையில், அவ்வூரையடுத்த ஒரு தேநீர்க் கடையின் முன்னே இரண்டு கார்கள் நின்றன. ஒன்று டியாகோ ஜேடிபி என்னும் சிறு கார். மற்றொன்று நீண்டு தாழ்ந்த ஓர் அயல்நாட்டுக் கார். அவற்றில் வந்த இளைஞர் நால்வர் எவ்வண்டி சிறந்தது என்று வாதிட்டனர். ஒருவர் குதிரைத் திறனைச் சொன்னார். ஒருவர் விலையைச் சொன்னார். ஒருவர் தம் கைப்பேசியில் ஏதோ ஒரு காட்சியை எடுத்துக் காட்டினார். வாதம் முற்றி, "மணப்பாறை வரை ஓட்டிப் பார்த்துவிடுவோம்" என்னும் எல்லைக்குச் சென்றது. அப்பொழுது அங்கே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், இளமையிற் பந்தய மாட்டுவண்டி ஓட்டியவராம், இடைமறித்து, "தம்பிகளா, தேன்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டு எது கெட்டிக்கார மாடு என்று கேட்பாருண்டோ? அதற்கு அது வேறு பந்தயம் அல்லவா?" என்றார்.

நம் தென் மாவட்டங்களின் மாட்டுவண்டிப் பந்தயங்களை அறிந்தோர்க்கு இச்சொல்லின் பொருள் விளங்கும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, தேன்சிட்டு என மாடுகளை அளவு நோக்கிப் பிரித்து, அவ்வவற்றிற்குத் தனித்தனியே எல்லை வகுத்து ஓட்டுவது வழக்கம். தேன்சிட்டுப் பந்தயத்தில் வென்றவன் பெரிய மாட்டுக்காரன் முன் தலை கவிழ்வதில்லை. மோட்டார் உலகிலும் ஒரு தேன்சிட்டு உண்டு. அதனை 'ஹாட் ஹேட்ச்' என்று வழங்குவர். அதன் தகுதியை அதன் போட்டியாளரான பெருவேகக் கார்களோடு வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹேட்ச்பேக் என்பது பின்புறக் கண்ணாடியும் கதவும் ஒன்றாய் மேல்நோக்கித் திறக்கும் சிறு குடும்பக் கார். நால்வர் அமரவும், அரிசி மூட்டையும் பெட்டியும் ஏற்றவும், குறுகிய தெருவில் நிறுத்தவும் ஏற்றது. அவ்வெளிய உடலில் வலிய யந்திரத்தையும், இறுகிய சுருள்வில்களையும், சிறந்த பிரேக்குகளையும் பொருத்தினால் அது ஹாட் ஹேட்ச் ஆகின்றது. இக்கருத்தின் முன்னோடி பிரிட்டனின் மினி கூப்பர். பின்கதவின் அமைப்பு வேறெனினும், சிற்றுருவிற் பெருவிசை என்னும் கருத்து ஒன்றே. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியில் அச்சிறு கார் தன்னினும் பன்மடங்கு விலையுள்ள கார்களை வென்றது. பின்னர் 1976 இல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் கோல்ஃப் ஜிடிஐ என்னும் காரை வெளியிட்டனர். 1.6 லிட்டர் யந்திரமும் 110 குதிரைத் திறனும் உடைய அதனை 5,000 எண்ணிக்கையில் மட்டும் செய்வதென்று முதலில் கருதினர். அதன் முதல் தலைமுறையிலேயே 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது. செல்வர்க்கே உரியதாயிருந்த விரைவு, மாதச் சம்பளக்காரன் வீட்டு வாயிலுக்கும் வந்தது. இவ்வகைக் காரின் உயிர்நிலை இதுவேயென்பது எம் கருத்து.

இனி, இதனை இக்காலப் போட்டியாளரோடு வைத்து நோக்குவோம். 2025 இல் நம் நாட்டிற்கு இறக்குமதி செய்யப்பெற்ற கோல்ஃப் ஜிடிஐ 2 லிட்டர் யந்திரத்தில் 265 குதிரைத் திறன் உடையது; நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் எட்டும் என்பது செய்தோர் கூற்று. அதே ஆண்டில் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் அதே திறனுள்ள யந்திரத்தை உடையதெனினும், உருவில் நீண்ட பெரிய காராதலின் 6.4 விநாடி கொள்ளும். யந்திரம் ஒத்திருக்க, உடல் சிறுத்தது முந்துகின்றது. 2021 இல் சென்னைக்கருகில் இணைக்கப்பெற்று வெளிவந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ என்னும் செடான் 3 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் 387 குதிரைத் திறனும் கொண்டு 4.4 விநாடியில் அவ்வேகத்தை எட்டியது. இங்கே பெரிய மாடு வென்றது என்பீர்கள். பொறுமின். அதே ஆண்டில் வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் என்பது ஹேட்ச்பேக்கே; 2 லிட்டர் யந்திரத்தினின்று 421 குதிரைத் திறனை வெளிப்படுத்தி 3.9 விநாடியில் அதனையும் முந்தியது. ஆகவே சிற்றுருவம் வேகத்திற் பின்தங்கும் என்பது இக்காலத்திற் செல்லாத வாதம்.

எனினும் சிறு காருக்கு இயற்கையான ஓர் இடர் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களே காரை இழுக்கின்றன. அவையே வழியும் திருப்புகின்றன. ஓர் ஆளே பாரமும் இழுத்து வழியும் காட்டுவது போன்றது இது. விசையை மிகுத்தால், இழுப்பதிற் பிடி முழுதும் செலவாகி, திருப்புவதற்குப் பிடி குறைந்து, வளைவில் கார் வெளிப்புறமாக ஒதுங்கும். பின்சக்கரம் தள்ளும் கார்களிலோ, விரையும்பொழுது பாரம் பின்னோக்கிச் சாய்ந்து அச்சக்கரங்களை நிலத்தில் அழுத்துதலின் பிடி மிகுகின்றது. இக்குறையைத் தீர்க்க, கோல்ஃப் ஜிடிஐயில் வளைவின் வெளிப்பக்கத்துச் சக்கரத்திற்கு விசையை மிகுத்துச் செலுத்தும் பூட்டு ஒன்றை அமைத்தனர். ஏ45 எஸ்ஸிலோ நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தனர். ஆயினும் ஒவ்வொரு திருத்தமும் பாரத்தையும் விலையையும் ஏற்றுகின்றது. தேன்சிட்டு பெரிய மாட்டின் தீனியைத் தின்னத் தொடங்குகின்றது.

விலையை நோக்குமின். மேற்கூறிய கோல்ஃப் 2025 இல் வெளிவந்தபொழுது ஏறக்குறைய 53 லட்சம் ரூபாய். ஏ45 எஸ் வெளிவந்தபொழுது 79 லட்சத்து 50 ஆயிரம். அது முந்திய எம்340ஐயோ 62 லட்சத்து 90 ஆயிரம். எளியோனுக்கு விரைவை அளிப்பதற்குப் பிறந்த கார், செல்வனது காரினும் விலையேறி நிற்கின்றது. இது வளர்ச்சியோ வீழ்ச்சியோ என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு மாறான ஒரு வழியும் தோன்றியது. 2006 ஆம் ஆண்டு முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசி கொள்ளளவுக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு அரசினர் வரியைக் குறைத்தனர். 2025 செப்டம்பர் 22 முதலும் அவ்வெல்லைக்கு உட்பட்டவற்றுக்கு 18 விழுக்காடும், பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் வரி. 2001 இல் 1.6 லிட்டர் யந்திரத்தோடு வந்த ஃபியட் பாலியோவைப் போன்ற கார்களுக்கு இவ்வெல்லை வேலியாயிற்று. ஆயினும் வேலிக்குள்ளேயே வித்தை காட்ட வல்லார் சிலர் இருந்தனர். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியை ஓட்டி, காற்றை அழுத்தி யந்திரத்திற்கு ஊட்டும் டர்போ என்னும் கருவியே அவர்தம் துணை. 2013 இல் வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டரில் 105 குதிரைத் திறன் காட்டியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் செய்து 2021 இல் வெளியிட்ட ஐ20 என் லைன் 1 லிட்டரிலேயே 120 குதிரைத் திறன் காட்டியது. 2024 இல் வந்த டாடா அல்ட்ரோஸ் ரேசரும் 1.2 லிட்டரில் 120 உடையதாயிருந்தது.

இவற்றுள் தமிழர்க்கு உரிமையானது, முன்னர் வடமதுரையிற் கண்ட டியாகோ ஜேடிபி. டாடா நிறுவனத்தாரும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனத்தாரும் கூட்டாக முயன்று 2018 அக்டோபரில் அதனை வெளியிட்டனர். 85 குதிரைத் திறனே உடைய ஒரு சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, டர்போ யந்திரம் பொருத்தி 114 ஆக்கினர், சுருள்வில்களை இறுக்கினர், விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறக்குறைய 10 விநாடி. ஏ45 எஸ்ஸின் 3.9 உக்கு முன் இஃது அற்பமாகத் தோன்றலாம். ஆயின் அதன் விலைக்கு இதனை ஒரு டஜன் வாங்கலாம்! கோவை நகர் இத்தொழிலுக்குப் புதிதன்று. மாருதி 800 இன் யந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை வகுத்த கரிவரதன் வாழ்ந்த நகரம் அது. 2005 இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனை ஈன்ற நகரமும் அது. அத்தகைய மரபினின்று பிறந்த அச்சிறு கார் 2020 இல் நின்றுவிட்டது. புகை பற்றிய புதிய விதிகள் ஒரு காரணம். உயர்ந்து நிற்கும் எஸ்யூவி கார்களின்மேல் மக்கள் கொண்ட மோகம் மற்றொரு காரணம். அதே விலைக்கு நெடிய உருவம் கிடைக்குமாயின் விரைவும் பிடியும் யாருக்கு வேண்டும் என்று வாங்குவோர் எண்ணினர் போலும்! நிலத்தினின்று உயர்ந்த உடல் வளைவிற் சாயும் என்பதைக் காட்சிக் கூடத்தில் எவரும் உணர்வதில்லை.

இனி, எல்லாவற்றினும் தலையாய அளவுகோலுக்கு வருவோம். அது நம் சாலை. நான்கு வழிச் சாலையிலும் 100 கிலோமீட்டருக்கு மேற் செல்லச் சட்டம் இடந்தரவில்லை. அவ்வேகத்தில் ஒரு கார் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் செல்கின்றது. ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகும். காய்ந்த சாலையில் நல்ல டயர்கள் பிடித்தாலும், நிற்பதற்கு மேலும் 55 மீட்டர் வேண்டும்; ஆக 83 மீட்டர். வேகம் 140 ஆயின் அக்கணக்கு 147 மீட்டராக வளர்கின்றது. வேகம் ஒன்றரைப் பங்குகூட ஏறவில்லை. மோதும் ஆற்றலோ இரட்டிக்கின்றது. 265 குதிரைத் திறனுடைய காருக்கும் 114 உடைய காருக்கும் இக்கணக்கு ஒன்றே. அய்யலூர் ஆட்டுச் சந்தை நாளில் வடமதுரைச் சாலையிற் சென்றோர் அறிவர், 147 மீட்டருக்குள் எத்தனை ஆடுகளும், எத்தனை ஆட்டுக்காரரும், எத்தனை இருசக்கர வண்டிகளும் குறுக்கிடக் கூடுமென்று. இச்சாலையில் 400 குதிரைகளைப் பூட்டியவன், அவற்றுள் 300 ஐக் கொட்டிலிற் கட்டியே வைத்தல் வேண்டும். அன்றேல் பிறர் குடும்பத்தின் கண்ணீருக்குக் காரணமாதல் வேண்டும்.

சிறு விசையுள்ள இலேசான காரிலோ நிலைமை வேறு. திண்டுக்கல்லினின்று சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள. அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்பொழுதே, ஸ்டியரிங் கையோடு பேசுவதையும், பாரங்குறைந்த உடல் சட்டென வளைவதையும், கியர் ஒன்றின்பின் ஒன்றாய் விழுவதையும் ஓட்டுவோன் நுகரலாம். தன் காரின் முழு ஆற்றலையும் சட்டத்திற்கு உட்பட்டு, பிறர்க்குத் தீங்கின்றி நுகர்வதே ஓட்டும் இன்பம். பெருவேகக் காருடையான் இவ்வின்பத்தைப் பெரும்பாலும் காகிதத்திலேயே நுகர்கின்றான்.

ஆதலின் யாம் துணிந்து கூறுவது இது: ஓடுகளத்தில் ஓட்டுவதற்குப் பெரிய மாடும் நன்று, சாலைக்குத் தேன்சிட்டே நன்று. ஆயின் தேன்சிட்டு என்னும் பெயரைத் தாங்கியவை யாவும் தேன்சிட்டு ஆகா. 53 லட்சத்துக் கோல்ஃபினும் 6 லட்சத்து டியாகோவே 1976 இல் எழுந்த கருத்துக்கு உண்மையான வழித்தோன்றல். விரைவின் எல்லையை உணர விழைவோர்க்கு, கோவையையடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. சென்னையையடுத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுகளமும் உண்டு. ஆட்டுக்காரன் குறுக்கே வராத அவ்விடங்களில் விநாடிக் கணக்கை நோக்கட்டும்.

அன்று வடமதுரையில் அவ்விளைஞர் மணப்பாறைக்குப் பந்தயம் ஓட்டவில்லை. முதியவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, பழைய பந்தயக் கதைகளைக் கேட்டு, இருட்டும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாய்த் திண்டுக்கல் நோக்கிச் சென்றனர். முன்னே சென்றது சிறியது.

மாணவ நண்பர்களே! நும்முட் பலர் நாளை பொறியாளராவீர். அனைவரும் ஒரு நாள் ஏதேனும் ஒரு காரின் விலையை விசாரிப்பீர். பொறியாளராவோர், எளிய காரில் அரிய திறனை அமைக்கும் கோவையின் கலையை மறவற்க. வாங்குவோர், உயரத்தையும் பெயர்ப் பட்டயத்தையும் கண்டு மயங்காது, ஒரு முறை வளைவிற் செலுத்திப் பார்த்து வாங்குமின். வாங்குவார் அறிந்து வாங்கினால், செய்வாரும் அறிந்து செய்வர்.