தீப்பற்றும் சட்டை போட்ட கட்டடங்கள்!
கழற்றும் செலவு யார் தலையில்?

சொந்த வீடு இருக்கிறது. ஆனால் அதில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வாங்க ஆள் இல்லை.

இங்கிலாந்து நாட்டில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இந்தக் கதி ஏற்பட்டது. அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அடுக்கு மாடிக் கட்டடத்தில் வீடு வாங்கினார்கள். அவ்வளவுதான்!

அந்தக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எளிதில் தீப்பற்றும் பொருள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதை அகற்ற அரசாங்கமே பணம் கொடுக்கிறது. அப்படி இருந்தும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ஏன்?

72 பேர் பலி

லண்டன் நகரின் மேற்குப் பகுதியில் நின்றது கிரென்பெல் டவர். 24 மாடிக் கட்டடம். 1974-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. தீப்பிடித்தபோது நகரசபைக்குச் சொந்தமாக இருந்தது.

2017-ம் ஆண்டு ஜுன் மாதம் 14-ந் தேதி. நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப் போகிற நேரம். நான்காவது மாடியில், ஒரு வீட்டுச் சமையல் அறையில் குளிர்சாதனப் பெட்டி தீப்பிடித்தது. தீ அணைக்கும் படையினர் சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். ஆனால் தீ ஜன்னல் வழியாக வெளியே தாவி, சுவரைப் பற்றிக்கொண்டது. வெளிச்சுவருக்குத் தாவியபின் அரை மணி நேரத்துக்குள் உச்சி மாடியை எட்டிவிட்டது.

"உங்கள் வீட்டில் தீப்பிடிக்காவிட்டால், வெளியே வராதீர்கள்." அடுக்கு மாடிவாசிகளுக்கு அங்கே சொல்லப்படும் புத்திமதி இது. காங்கிரீட் சுவர், தீயை ஒரு வீட்டோடு தடுத்துவிடும் என்பது நம்பிக்கை. அன்று இரவு அந்த நம்பிக்கை பொய்த்தது. 2-47 மணிக்குத்தான் புத்திமதி மாற்றப்பட்டது. கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. அதிலும் புகை மண்டிக் கிடந்தது.

72 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் குழந்தைகள்.

சட்டையில் இருந்த எமன்

காங்கிரீட் எரியாதே! பிறகு எது எரிந்தது?

தீ விபத்துக்கு முந்திய ஆண்டில்தான் கட்டடத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். குளிர் உள்ளே வரக்கூடாது. பார்வைக்கும் அழகாக இருக்கவேண்டும். அதற்காக, மனிதன் சட்டை போடுவதுபோல, கட்டடத்தைச் சுற்றித் தகடு அடித்தார்கள். இதற்கு "கிளாடிங்" என்று பெயர்.

பார்த்தால் அது அலுமினியம். ஆனால் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்தது பாலித்தீன் என்ற பிளாஸ்டிக்! சூடு பட்டால் அது உருகும், ஒழுகும், எரியும். தகட்டுக்குப் பின்னால் இருந்த இடைவெளி, புகைபோக்கிபோல் தீயை மேலே இழுத்தது.

முதலில் துத்தநாகத் தகடு அடிப்பதாகத்தான் திட்டம். செலவைக் குறைக்க அதை மாற்றினார்கள். மிச்சமான தொகை, சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பவுன்.

எச்சரிக்கை முன்பே வந்தது. 2009-ம் ஆண்டு தெற்கு லண்டனில் லகனால் ஹவுஸ் என்ற அடுக்கு மாடிக் கட்டடம் தீப்பிடித்து, 6 பேர் இறந்தார்கள். "தீப் பாதுகாப்பு விதிகளைத் தெளிவாக்குங்கள்" என்று மரண விசாரணை அதிகாரி 2013-ல் அரசாங்கத்துக்கு எழுதினார். கிரென்பெல் எரியும்வரை அந்த வேலை முடியவில்லை.

முன்னாள் நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் விசாரணை நடத்தினார். 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை வெளியானது. அத்தனை சாவையும் தவிர்த்திருக்கலாம் என்பது அவர் முடிவு. தகடு தயாரித்தவர்கள், கட்டடம் புதுப்பித்தவர்கள், அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் எல்லோர்மீதும் அவர் குற்றம் கண்டார்.

பில் வந்தது!

கிரென்பெல்லுக்குப் பிறகு மற்றக் கட்டடங்களைச் சோதித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்தான சுவர்கள் அகப்பட்டன.

இங்கிலாந்தில் அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகை உரிமைதான் கிடைக்கும். கட்டடமும் நிலமும் வேறு ஒருவருக்குச் சொந்தம். ஆனால் பழுது பார்க்கும் செலவை வீட்டுக்காரர்களுக்குப் பங்கு போட்டுவிடலாம். தப்பான தகடு அடித்தவர் ஒருவர். பில் வந்தது இன்னொருவருக்கு!

ராப்பகலாக மாடி மாடியாகச் சுற்றி, தீப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் காவலாட்கள் வைக்கப்பட்டார்கள். அந்தச் சம்பளமும் குடியிருப்போர் தலையில்தான். சுவர் பத்திரமானது என்ற சான்றிதழ் இல்லாத வீட்டுக்குப் பாங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன. அதனால் வீடுகள் விலை போகவில்லை.

தவணை முறையில் கருணை

அரசாங்கம் பணம் கொடுத்தது. எப்படிக் கொடுத்தது?

2018-ல் நகரசபை போன்ற பொதுக் குடியிருப்புகளுக்கு 40 கோடி பவுன். 2019-ல் தனியார் கட்டடங்களுக்கு 20 கோடி. இரண்டும் கிரென்பெல்லில் இருந்த வகைத் தகட்டுக்கு மட்டும். மற்றத் தகடுகளுக்கு 2020-ல் 100 கோடி. 2021-ல் மேலும் 350 கோடி.

அதிலும் 18 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குத்தான் இலவசம். அதைவிடக் குறைந்ததற்குக் கடன்தான் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2022-ல் கடன் திட்டம் கைவிடப்பட்டது. 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் தகுதியுள்ள வீட்டுக்காரர்கள் தகடு மாற்றப் பணம் தரவேண்டாம் என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது.

தாமதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. "இந்தத் தகடா, அந்தத் தகடா? 18 மீட்டரா, 17 மீட்டரா?" என்று ஒவ்வொரு முறையும் கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் காத்திருந்தார்கள். தீயோ, அளவுகோல் பார்த்து எரிவது இல்லை.

நாட்டில் எத்தனை கட்டடங்களில் ஆபத்து என்ற முழுப் பட்டியலும் இல்லை. 9 ஆயிரம் முதல் 12 ஆயிரம் கட்டடங்கள்வரை இருக்கலாம். அவற்றில் 60 சதவீதம்வரை இன்னும் அடையாளம் காணப்படவில்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 நவம்பரில் கூறியது. மொத்தச் செலவு சுமார் 1,660 கோடி பவுன். வேலை முடிய 2035 ஆகலாம் என்பதும் அந்தக் கணக்கு. அடுத்த மாதமே அரசாங்கம் 2029-ஐ இலக்காக வைத்தது.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்! ஒரு கட்டடத்தில் 3 லட்சம் பவுன்கூட மிச்சமாகவில்லை. அதே வகைச் சிக்கனமும் அதே வகை அலட்சியமும் நாடு முழுவதும் சேர்ந்து, ஆயிரம் கோடிகளில் வந்து நிற்கின்றன.

2024 ஆகஸ்டில் கிழக்கு லண்டனில் உள்ள டாகன்ஹாம் என்ற இடத்தில் இன்னொரு குடியிருப்பு தீப்பிடித்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் தகடு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை முடியும்வரை தீ காத்திருக்கவில்லை.