புற்றுநோய் சிகிச்சையில் குழந்தைகளின் உறக்கம்: மருந்துச் சீட்டில் இடம்பெறாத தேவை

மைசூரு: குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்க்கான சிகிச்சை கடந்த அரை நூற்றாண்டில் பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது. ஆயினும், சிகிச்சைக் காலம் முழுவதும் குழந்தைகளை வாட்டும் உறக்கக் குறைபாடும் சோர்வும் உரிய கவனத்தைப் பெறவில்லை. 'இந்த நோய் என்றால் களைப்பு இருக்கத்தானே செய்யும்' என்ற எண்ணம் பெற்றோரிடமும் மருத்துவப் பணியாளர்களிடமும் வேரூன்றியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம். இந்தச் சோர்வைக் குறைக்க முடியும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. வளர்ந்த நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர்; ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கும் குறைவு. 2030-ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 60 சதவீதம் பேரைக் காப்பாற்றும் இலக்குடன் 2018-இல் அந்த அமைப்பு தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

இந்தியாவில் பதிவாகும் மொத்தப் புற்றுநோய்களில் 14 வயது வரையிலான குழந்தைகளின் பங்கு சுமார் 4 சதவீதம். இவற்றில் முதலிடம் வகிப்பது நிணநீர் வகை ரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். வளரும் வயதில் அத்தனை காலம் உறக்கம் கெடுவது கற்றல், மனநிலை, பசி, உடல் வளர்ச்சி ஆகிய அனைத்தையும் பாதிக்கக்கூடும்.

மருந்தே காரணமாகும்போது

ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. உடல் இயல்பாகச் சுரக்கும் கார்டிசோல், காலையில் உயர்ந்து இரவில் தாழும். நீண்ட நேரம் செயல்படும் இந்த மருந்து அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. நள்ளிரவில் எழுந்து சோறு கேட்பது, காரணமின்றி அழுவது, பகலில் சுருண்டு கிடப்பது ஆகியவை ஸ்டீராய்டு நாள்களில் பெற்றோர் அடிக்கடி காணும் மாற்றங்கள்.

அமெரிக்காவில் பமீலா ஹைண்ட்ஸ் குழுவினர் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற 100 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. குழந்தைகளின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவி பொருத்தப்பட்டு, மருந்து இல்லாத 5 நாள்களும் மருந்து தரப்பட்ட 5 நாள்களும் ஒப்பிடப்பட்டன. மருந்து தரப்பட்ட நாள்களில் உறங்கும் நேரமும் பகல் தூக்கமும் கூடின. ஆனால் சோர்வு குறையவில்லை, அதிகரித்தது. எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்பதை மட்டும் கேட்டால் போதாது என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

ரத்தச்சோகை, வின்கிரிஸ்டின் மருந்தால் வரும் நரம்பு வலி, குமட்டல், மூளைக்குத் தரப்படும் கதிர்வீச்சு, மனக்கலக்கம் ஆகியவையும் சோர்வுக்குக் காரணமாகலாம். எனவே, சோர்வின் மூலத்தைக் கண்டறிவதே முதல் படி.

மருத்துவமனை இரவுகள்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு இரவு என்பது தொடர் இடையூறு. காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியர், மருந்தேற்றும் கருவியின் எச்சரிக்கை ஒலி, நரம்பு வழியே ஏற்றப்படும் திரவத்தால் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், அணையாத விளக்குகள் எனப் பட்டியல் நீள்கிறது. ஹைண்ட்ஸ் குழுவின் மற்றொரு ஆய்வில், ஒரே இரவில் 40 முறை வரை விழித்த குழந்தைகளும் இருந்தனர். 20 முறைக்கு மேல் விழித்தவர்களிடம் சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது.

இதைச் சரிசெய்யப் பெரும் செலவு தேவையில்லை. அவசரமற்ற பரிசோதனைகளை ஒரே நேரத்தில் முடிப்பது, விளக்கொளியைத் தணிப்பது, உடல்நிலை சீராக உள்ள குழந்தையைத் தேவையின்றி எழுப்பாதிருப்பது ஆகியவை பணி ஒழுங்கு சார்ந்த முடிவுகள். ஆனால், ஒரு செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்க வேண்டிய அரசு மருத்துவமனைகளில், பணிகளை ஒருங்கிணைக்கவும் ஆள் வேண்டும் என்பதே நடைமுறைச் சிக்கல்.

மைசூருவின் நிலை

மைசூரு மருத்துவக் கல்லூரியின் கே.ஆர். மருத்துவமனை, செலுவாம்பா மருத்துவமனை ஆகியவற்றுடன் தனியார் புற்றுநோய் மருத்துவமனைகளும் இந்நகரில் உள்ளன. எனினும், மாநில அரசின் முதன்மைப் புற்றுநோய் மையமான கித்வாய் நிறுவனம் பெங்களூருவில் அமைந்துள்ளது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச்சாலை இரு நகரங்களுக்கு இடையிலான பயண நேரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் ஹெக்கடதேவனகோட்டை, சாமராஜநகர், குடகு போன்ற பகுதிகளின் குடும்பங்களுக்கு மைசூருவை அடைவதே ஒரு பயணம். புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே நிற்க வேண்டுமெனில் குழந்தையை விடியலுக்கு முன் எழுப்பியாக வேண்டும். தொலைவிலிருந்து வருவோருக்கு வரிசை நேரத்தை மாற்றித் தருவதும், மருத்துவமனை அருகே தங்குமிடம் அளிப்பதும் உறக்கத்துக்கான உதவிகளே.

யோகாவுடன் இந்நகருக்குள்ள தொடர்பும் இங்கே பொருந்துகிறது. 1930-களில் அரண்மனை ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் யோகா கற்பித்த நகரம் இது. 2022 சர்வதேச யோகா தினத்தின் முதன்மை நிகழ்ச்சியும் அரண்மனை வளாகத்திலேயே நடைபெற்றது. எளிய மூச்சுப் பயிற்சியையும் மென்மையான அசைவுகளையும் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தகுதியானவர்கள் இங்கே குறைவில்லை. அதே வேளையில், தட்டணுக்கள் குறைந்த, எலும்பு வலுவிழந்த குழந்தைக்குக் கடினமான ஆசனங்கள் ஆபத்தானவை. எந்தப் பயிற்சியும் மருத்துவரின் ஒப்புதலுடனேயே தொடங்கப்பட வேண்டும்.

வழிகாட்டுதல்கள் கூறுவது

புற்றுநோய் சிகிச்சை பெறும் குழந்தைகளின் சோர்வைக் கையாள்வதற்கான சர்வதேச நிபுணர் குழுவின் வழிகாட்டுதல் 2018-இல் வெளியானது. சோர்வைக் குறைக்க உடலியக்கத்தை அது உறுதியாகப் பரிந்துரைக்கிறது. தளர்வுப் பயிற்சி, மனஒருமைப் பயிற்சி ஆகியவற்றையும் ஆதரிக்கிறது. சோர்வைப் போக்க வழக்கமாக மருந்து தருவதை அது ஏற்கவில்லை. களைத்த குழந்தையைப் படுக்க வைப்பதே நல்லது என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேர்மாறானது. நடைபாதையில் சில நிமிட நடையும் பந்து விளையாட்டும்கூடப் பயன் தரும்.

உறங்கி எழும் நேரத்தை மாற்றாதிருப்பது, காலை வெயிலில் சிறிது நேரம் இருக்கச் செய்வது, பகல் தூக்கத்தை மாலை வரை நீட்டிக்காதது, படுக்கும் முன் கைபேசியைத் தவிர்ப்பது ஆகியவற்றை வீட்டில் கடைப்பிடிக்கலாம். 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம்.

மாத்திரை நேரமும் கவனத்துக்குரியது. மெர்காப்டோபியூரின் மாத்திரையை இரவில், வெறும் வயிற்றில்தான் தர வேண்டும் என்பது நீண்டகால வழக்கம். இக்கட்டுப்பாடுகளால் நோய் திரும்பும் அபாயத்தில் வேறுபாடு ஏற்படவில்லை என 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டறிந்தது. அதே ஆய்வுக் குழு, மாத்திரையைத் தவறவிடுவதே உண்மையான ஆபத்து என முன்பே எச்சரித்திருந்தது. ஆகவே, நேரத்தைத் தாமாக மாற்றாமல், உறங்கும் குழந்தையை எழுப்பாத நேரம் உண்டா என மருத்துவரிடம் பெற்றோர் கேட்கலாம். ஸ்டீராய்டு வேளைகளுக்கும் இது பொருந்தும். தூக்க மருந்துகளைக் கடையில் வாங்கித் தருவது கூடாது.

சோர்வுடன் காய்ச்சலும் சேர்ந்தால் அது உறக்கப் பிரச்சினையாக இருக்காது. வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே அவசர நிலை. உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

கேட்கப்பட வேண்டிய கேள்வி

ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் கணக்கு உண்டு. குழந்தை இரவில் எத்தனை முறை விழித்தது என்பதற்கு நோயாளிக் குறிப்பேட்டில் இடம் தர எந்தத் திட்டமும் தடையாக இல்லை. வலியைக் கேட்டறிந்து பதிவு செய்வது போல, ஒவ்வொரு வருகையிலும் உறக்கத்தையும் சோர்வையும் கேட்டுப் பதிவு செய்வதே தொடக்கமாக அமையும். சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் குழந்தை வகுப்பில் விழித்திருக்குமா என்பது, இன்றைய இரவுகள் எவ்வாறு கழிகின்றன என்பதையும் பொறுத்தது.