யூதத் தெருவில் பத்து நிமிஷம்

விடுமுறைக்குக் கொச்சிக்குப் புறப்படுகிறீர்களா? மூட்டை கட்டுமுன் காலண்டரைப் பாருங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் ஜெப ஆலயத்துக்குச் சனிக்கிழமை. இது தெரியாமல் போய்ப் பூட்டைத் தரிசித்துத் திரும்பியவர்கள் அநேகம்!

வழிகாட்டி முதலில் கடலோரத்துச் சீன வலைகளைக் காட்டுவார். பிறகு, 1524-ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம். கல்லறைதான் இருக்கிறது, காமா இல்லை. எலும்புகளைப் பின்னால் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அரண்மனைச் சுவரில் ராமாயணச் சித்திரங்கள். குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

கடைசியில் யூதத் தெரு. 1568-ல் கட்டிய ஜெப ஆலயத்தில் தொங்கும் கண்ணாடி விளக்குகளைக் காட்டுவார் வழிகாட்டி. நீங்கள் தரையையும் பாருங்கள். சீனாவிலிருந்து கப்பலில் வந்த ஓடுகள். வெள்ளையில் நீலம், கையால் தீட்டியவை.

வெளியே வந்ததும், "பத்து நிமிஷம், கடைகளைப் பாருங்கள்" என்பார். ஏலக்காய், கிராம்பு தாராளமாக வாங்குங்கள். ஆனால் அந்தக் கடைகளில் பல, ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். 1948-ல் இஸ்ரேல் பிறந்தபின், கொச்சி யூதர்கள் சிறிது சிறிதாக அங்கே போய்விட்டார்கள். அவர்கள் முறைப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேர் உள்ளூரில் கிடைக்காத காலமும் வந்துவிட்டது.

ஆகவே, பேரம் முடிந்ததும் வழிகாட்டியை ஒன்று கேளுங்கள்: "இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?" அவருக்குத் தெரிந்திருந்தால், பஸ் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டாலும் பாதகமில்லை.