ஆற்றைத் திருடியவனுக்கு என்ன தண்டனை?

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயிலில் தினசரி போய் வருகிற வாசகர்களுக்கு ஒரு கேள்வி. பல்லாவரம் தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வருகிறதே, குரோம்பேட்டை! அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

சாமி பெயரும் அல்ல. ராஜா பெயரும் அல்ல. ஒரு தோல் தொழிற்சாலையின் பெயர்! வெள்ளைக்காரன் காலத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே குரோம் லெதர் கம்பெனி என்று ஒன்று நடந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நாள் கணக்கில் தோல் பதனிட்ட ஊரில், குரோமிய உப்பு போட்டுச் சட்டென்று பதனிடும் புது முறை வந்தது. கம்பெனியின் பெயரே ஊருக்குப் பெயராகி விட்டது.

அந்தப் பெயரோடு வந்த கழிவு எங்கே போனது? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

திருட்டுப் போன பொருள்

போலீஸ் நிலையமும் கோர்ட்டு வாசலுமே கதியென்று கிடக்கிற நிருபர் நான். ரெயிலில் ஒருத்தன் பர்சை அடித்தால் என்ன நடக்கும்? கூட்டமே அவனைப் பிடித்து உதைக்கும். போலீஸ் வரும். வழக்குப் பதிவாகும். மறுநாள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிற்பான். பர்சில் 200 ரூபாய் இருந்தாலும் இதே கதைதான்.

ஒரு கிணறு திருட்டுப் போனால்? பத்து ஏக்கர் நஞ்சை திருட்டுப் போனால்? ஒரு ஆறே திருட்டுப் போனால்? எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நம் பாலாற்றில் அதுதான் நடந்தது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகக் கடலுக்குப் போகிற ஆறு அது. மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடும். அந்த ஊற்றுத் தண்ணீரை நம்பித்தான் கரையோர ஊர்கள் கிணறு வெட்டின. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாலாற்று ஊற்றுத் தண்ணீர் தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் குழாயில் வந்திருக்கிறது. "எங்கேயோ வேலூர்க்காரன் பாடு" என்று பட்டணத்துக்காரர் ஒதுங்கிவிட முடியாது.

அந்த ஆற்றங்கரையில்தான் தோல் ஷாப்புகள் வரிசை வரிசையாக வந்தன. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு. முடியை உதிர்க்கச் சுண்ணாம்பும் சல்பைடும். பதனிட குரோமியம். அத்தனையையும் கழுவத் தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்ய சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கில் இரண்டு குடத்துக்கு மேல்! கழுவிய தண்ணீர் எங்கே போகும்? வாய்க்காலுக்கு, ஏரிக்கு, ஆற்றுக்கு. பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு.

உப்பு இறங்கிய மண்ணில் நெல் வருமா? தென்னை நிற்குமா? கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியுமா?

கோர்ட்டு சொன்னது

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுப் படி ஏறியது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் உள்ள கணக்கைக் கேட்டால் வயிறு எரிகிறது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழ். ஏக்கரில் சொன்னால் 86 ஆயிரத்துக்கு மேல்! திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. நாலில் மூன்று கிணறு போச்சு!

நீதிபதிகள் தொழிலை விரோதியாகப் பார்க்கவில்லை. அன்னியச் செலாவணி கொண்டு வருகிற தொழில், வேலை கொடுக்கிற தொழில் என்று ஒப்புக் கொண்டார்கள். அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கவும், ஜனங்களின் உடம்பைக் கெடுக்கவும் அதற்கு உரிமை கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். அசுத்தம் செய்தவனே நஷ்டத்தையும் கொடுக்க வேண்டும், கெட்டதைச் சரி செய்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்ற நியாயம் இந்த நாட்டுச் சட்டத்தில் ஆழமாக ஊன்றியது இந்த வழக்கில்தான். ஆலை ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விழுந்தது. சுத்திகரிப்பு நிலையம் வைக்காத ஆலைக்குப் பூட்டு என்று கெடு விதிக்கப்பட்டது.

நஷ்டஈட்டைக் கணக்குப் போட ஒரு ஆணையமும் வந்தது. 2001-ல் அது கணக்குச் சொன்னது. 547 ஆலைகள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும்!

கோடி என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். கடைக்காரர்களுக்குக் கணக்கு நன்றாக வரும், போட்டுப் பாருங்கள். தலைக்கு சராசரி 9,200 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. நிலம் போனதற்கு, கிணறு போனதற்கு, பல வருஷ விளைச்சல் போனதற்கு இவ்வளவுதான்!

அதுவாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. இன்னும் கொடுக்கப்படாத நஷ்டஈட்டை ஆறு வாரத்துக்குள் அரசாங்கம் கொடு, பிறகு ஆலைகளிடம் வசூல் செய்துகொள் என்று உத்தரவு. பாலாற்றைச் சுத்தம் செய்ய ஒரு கமிட்டியும் போடச் சொன்னது. 1991-ல் வழக்குப் போட்டபோது தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு 2025-ல் வயது 34! பர்ஸ் திருடனுக்கு மறுநாளே கோர்ட்டு. ஆறு போனவனுக்கு 34 வருஷம். இது என்ன நியாயம்?

பத்து உயிர்

தண்ணீர் மட்டும் போகவில்லை. 2015-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் நடந்ததை மறக்க முடியுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து பக்கத்து ஆலைக்குள் புகுந்தது. வேலை முடித்து அங்கேயே படுத்திருந்த தொழிலாளிகள் 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தூங்கியவர்கள் தூங்கியபடியே போனார்கள்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்த நிலையம் அது! அதுவே எமனாக வந்ததென்றால், காகிதத்தில் காட்டுவதற்காகச் சுத்தம் செய்வதற்கும் மனசாட்சியோடு சுத்தம் செய்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

முதலாளி சொல்கிறார்

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? "ஐயா, நாங்கள் ஆலையை மூடினால் ஆம்பூரில், வாணியம்பாடியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரியாது" என்கிறார்கள். அதுவும் உண்மை. ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களின் சம்பளத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் படிக்கின்றன.

"சுத்திகரிப்புக்குக் கோடிக்கணக்கில் போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். அதையும் மறுக்க முடியாது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத முறைக்குப் பல பொது நிலையங்கள் மாறியிருக்கின்றன. கரண்டுச் செலவு அதிகம். தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிய பிறகு மிஞ்சுகிற கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை. ஷெட்டு போட்டு அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் ஒரு கேள்வி. ஒழுங்காகச் செலவு செய்து சுத்தம் செய்கிற முதலாளி ஒருத்தர். மழை கொட்டுகிற ராத்திரியில், வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்து விடுகிறவர் இன்னொருத்தர். மறுநாள் மார்க்கெட்டில் யார் சரக்கு மலிவு? திருட்டுத்தனமாக விட்டவர் சரக்குத்தானே! ஒவ்வொரு மழைக்கும் பாலாற்றில் வெள்ளை நுரை பொங்குகிறபோது ஜனங்கள் செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அந்த நுரையில் முதலில் நஷ்டப்படுகிறவர் விவசாயி. அடுத்து நஷ்டப்படுகிறவர் யோக்கியமான வியாபாரி!

கடை வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். எதிர்க் கடைக்காரன் எடைக்கல்லைக் குறைத்து விலையைக் குறைத்தால், சரியான எடை போடுகிறவர் கல்லாதான் காலியாகும். கழிவை ஆற்றில் விடுவதும் எடைக்கல்லில் கை வைப்பதும் ஒரே வேலைதான். லாபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, செலவை ஊரார் தலையில் கட்டுகிற வேலை.

என்ன செய்ய வேண்டும்?

அதிகாரிகள் பகலில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போவதை நிறுத்த வேண்டும். மழை ராத்திரியில் போகட்டும். திருடன் வருகிற நேரத்தில்தானே போலீஸ் ரோந்து போகிறது?

எந்த ஆலைக்கு என்ன அபராதம், யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற பட்டியலை ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் வாசலிலும் ஒட்ட வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போடுகிறோமே, அதைப்போல. நஷ்டஈடு வாங்கியவர், வாங்காதவர் கணக்கும் அதிலே இருக்கட்டும்.

தோல் வியாபாரிகள் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பெரியமேட்டில் தோல் மண்டி நடத்துகிறவர்கள், சரக்கின் தரத்தைத் தடவிப் பார்த்து வாங்குகிறீர்கள். அந்தச் சரக்கு எந்த வாய்க்காலில் கழுவப்பட்டது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கேட்டால் சர்ட்டிபிகேட் காட்டுகிறோம். உள்ளூர் விவசாயி கேட்டால் மட்டும் கதவைச் சாத்துவதா?

நாமும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. காலில் செருப்பு, இடுப்பில் பெல்ட்டு, பையில் பர்சு. எல்லாம் அந்த ஊர்த் தண்ணீரில் நனைந்து வந்தவைதான்.

இன்று மாலை வீடு திரும்பும்போது குரோம்பேட்டை பலகை கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஆலை போன பிறகும் ஊருக்குப் பெயர் நிற்கிறது. கழிவும் அப்படித்தான். பணம் சம்பாதித்தவர் போய்விடுவார். கிணற்றில் இறங்கிய உப்பு போகாது!

அந்த 29,193 பேரில் யாருக்காவது இன்னும் பணம் போய்ச் சேரவில்லை என்றால், கோர்ட்டு கொடுத்த ஆறு வாரக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அரசாங்கம் பதில் சொல்லட்டும்.